நோய்க்காலத்து வதந்திக்குப் பதில் சொல்வது எப்படி: கொழும்பின் தமிழ்க் குழுக்களுக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பில் தமிழ் பேசுகிறவருக்கு நோய் பற்றிய செய்தி இரண்டு வழியால் வருகிறது. ஒன்று, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வெளியான அறிவித்தல் பிந்தித் தமிழாகி வருவது. மற்றது, கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசிப் பதிவுசெய்த குரல், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை என்று வீட்டுக்கு வீடு வாட்ஸ்அப்பில் ஒலிப்பது. அநேகமாக இரண்டாவதுதான் முந்துகிறது. சரியான தகவல் தமிழில் வந்து சேர எடுக்கும் அந்த நேரத்துக்குள் பிழையான தகவல் குடியேறிவிடுகிறது. ஆகவே கீழே சொல்லப்படுவதெல்லாம் அந்த நேரத்தைக் குறைப்பதற்கான வேலை. கோயில் அறங்காவலர் சபை, பள்ளிவாசல் நிர்வாகம், தேவாலயக் குழு, தொடர்மாடி நலன்புரிச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று எந்த அமைப்பும் இதைச் செய்யலாம். நாலைந்து பேர் போதும்.

1. நோய் வருமுன் சேர்த்து வைக்க வேண்டியவை

குழுவில் மூன்று திறமைகள் இருக்க வேண்டும். சிங்கள, ஆங்கில அறிவித்தலைத் தமிழில் பிழையில்லாமல் சொல்லக்கூடிய ஒருவர். மருத்துவம், தாதியம், மருந்தாக்கம், ஆய்வுகூடம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் பயிற்சியுள்ள ஒருவர். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த, பேச்சுக்கு மதிப்புள்ள ஒருவர். மூன்றாமவரைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர் இல்லாமல் மற்ற இருவர் எழுதுவதை யாரும் வாசிக்கப் போவதில்லை.

உங்கள் பகுதிக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் எண்ணும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் எண்ணும் கைவசம் இருக்கட்டும். நோய் பரவிய பிறகு அவர்களைப் பிடிப்பது கடினம். அமைதியான நாளிலேயே ஒருமுறை நேரில் போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள். நாடு முழுவதற்குமான மூலங்களில் மூன்றைப் பழகிக்கொள்ளுங்கள்: நோயாளர் எண்ணிக்கைக்குச் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு, மும்மொழி விளக்கங்களுக்குச் சுகாதார மேம்பாட்டுப் பணியகம், அரசின் முறையான அறிவிப்புக்கு அரசாங்க தகவல் திணைக்களம். அவசர அம்புலன்ஸ் எண் 1990. தமிழ்நாட்டுச் செய்தியில் வரும் 104 அங்குள்ள சுகாதார உதவி எண். இங்கே அதை நம்பி அழைப்பவருக்கு நேரம்தான் வீணாகும்.

பழகுவதற்குப் பெருந்தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டாம். டெங்கு ஆண்டுதோறும் வருகிறது. 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். கொழும்பு மாவட்டம் எப்போதும் அதன் முன்வரிசையில் நிற்கிறது. தென்மேல் பருவமழை தொடங்கிய பின்னான வாரங்களில் வரும் டெங்கு வதந்திகளில் இந்த முறை முழுவதையும் பயிற்சி செய்து பார்க்கலாம்.

2. பதிந்து, தரம் பிரித்தல்

ஒரு கொப்பியோ கூகுள் அட்டவணையோ போதும். ஒவ்வொரு வதந்திக்கும் ஐந்து விடயங்களைப் பதியுங்கள்: வந்த நாள், வடிவம் (குரல், படம், காணொளி, கடிதம்), சொன்ன சொல் அப்படியே, எந்தெந்தக் குழுக்களில் வந்தது, நம்புகிறவர் என்ன செய்வார். கடைசி நிரல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நம்பினாலும் யாருக்கும் கெடுதல் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். இஞ்சி, கொத்தமல்லி, மஞ்சள் பால் பற்றிய செய்திகளில் பெரும்பாலானவை இந்த வகை. அவற்றோடு சண்டை பிடித்தால், அம்மம்மாவின் கைவைத்தியத்தை அவமதித்தவர்கள் என்ற பெயர்தான் மிஞ்சும். நாளைக்கு உயிர்காக்கும் செய்தியை நீங்கள் சொன்னாலும் அந்த வீட்டில் எடுபடாது. ஆனால் அதே கொத்தமல்லி “இதைக் குடித்தால் பரிசோதனை தேவையில்லை” என்று வந்தால் உடனே பதில் எழுத வேண்டும்.

கெடுதலானது, ஆனால் இதுவரை ஒருவர்தான் அனுப்பியிருக்கிறார் என்றால், அவருக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள். ஐம்பது பேர் பார்க்காத பொய்யை நீங்களே ஐம்பது பேருக்கு மறுத்து எழுதினால், அதை அறிமுகப்படுத்தியவர் நீங்கள்தான். இரண்டு மூன்று தொடர்பில்லாத குழுக்களில் ஒரே செய்தி தலைகாட்டினால் பொதுப் பதில் எழுதும் நேரம் வந்துவிட்டது. செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கை, அல்லது அதற்கும் மேல், மாறி வந்திருக்கிறது என்று பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே முன்னனுப்ப முடியும்படி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

கெடுதல் மருந்தில் மட்டும் இருப்பதில்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து தயாரித்த பாணி கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சுப் பரவியது. தேனும் சாதிக்காயும் யாரையும் கொல்லவில்லை. ஆனால் கூட்டம் கூடத் தடை இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அந்தக் கிராமத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். அந்தப் பாணியைப் பகிரங்கமாக அருந்திய அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சிக்கு 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது. “நம்புகிறவர் என்ன செய்வார்” என்ற நிரலில் “வரிசையில் நிற்பார்” என்று எழுதியிருந்தால் இதன் ஆபத்து முதல் நாளே தெரிந்திருக்கும்.

3. கூற்றைத் தனியே எடுத்தல்

நாலு நிமிடக் குரல் பதிவில் கடவுள், அரசியல், அழுகை, பழைய நினைவு எல்லாம் இருக்கும். அதிலிருந்து சரிபார்க்கக்கூடிய கூற்றை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். “இன்னது, இன்னாருக்கு, இன்னதைச் செய்யும்” என்ற அமைப்பில் அது வராவிட்டால் அங்கே சரிபார்க்க எதுவும் இல்லை. அச்சம் மட்டும் இருக்கிறது. அச்சத்துக்கு ஆதாரம் காட்டிப் பயனில்லை. கூட இருந்து கேட்க வேண்டும்.

பிறகு அதில் உண்மையான துணுக்கு எது என்று பாருங்கள். அநேகமாக ஒன்று இருக்கும். ஆவி பிடித்தால் மூக்கடைப்பு இளகும், அது உண்மை. வைரஸ் உயிரணுக்களுக்குள் பெருகுவதால், உங்கள் தொண்டை வேகாமல் ஆவியால் அதைக் கொல்ல முடியாது; அது சொல்லப்படாத பகுதி. மதுசாரம் கைகளில் உள்ள வைரஸை அழிக்கும், குடித்தால் அழிக்காது. 2020இல் ஈரானில் இந்த நம்பிக்கையோடு மெதனோல் கலந்த சாராயம் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். உண்மைத் துணுக்கை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் கேட்பவர் உங்கள் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார்.

4. மூலத்தைத் தேடுதல்

படம் என்றால் கூகுள் லென்ஸில் போடுங்கள். காணொளி என்றால் முக்கியமான மூன்று நாலு இடங்களில் நிறுத்தி, திரைப்பிடிப்பு எடுத்து அவற்றைத் தேடுங்கள். படம் முதன்முதல் எப்போது இணையத்தில் வந்தது என்பதே தேவையான விடை. 2015ஆம் ஆண்டின் வைத்தியசாலைப் படத்தை இன்றைய அங்கொடைத் தொற்றுநோய் வைத்தியசாலை என்று காட்டுவதற்கு எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம். மேலே ஒரு வரி எழுதினால் போதும்.

குரல் பதிவைப் படம்போல் தேட முடியாது. அதனால் உள்ளே இருக்கும் தடயங்களைக் கேளுங்கள். ரேஷன் கடை, ஆட்சியர், மாநகராட்சி என்று வந்தால் அது இங்கே பேசப்பட்டது இல்லை. பெயர் சொல்லாத “பெரிய டொக்டர்”, நாள் சொல்லாத “நேற்று”, இடம் சொல்லாத “நம்ம பக்கத்து ஆஸ்பத்திரி” ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால் நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிட்டு மேலே கேளுங்கள்.

அரசாங்கக் கடிதம் என்றால் திகதி, இலக்கம், ஒப்பமிட்டவரின் பதவி ஆகியவற்றைப் பார்த்து, வெளியிட்ட அலுவலகத்தின் சொந்தப் பக்கத்தில் அதே ஆவணம் இருக்கிறதா என்று தேடுங்கள். அரசாங்க தகவல் திணைக்கள அறிக்கைகளில் வெளியீட்டு இலக்கமும் நேரமும் இருக்கும். சிங்களப் பிரதி கிடைத்தால் தமிழோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கடிதம் உண்மையாக இருந்து, தமிழாக்கம் பிழைத்திருப்பதும் உண்டு; “பரிந்துரைக்கப்படுகிறது” என்பது “கட்டாயம்” ஆகிவிடும்.

5. “ஆய்வு சொல்கிறது” என்று வந்தால்

இங்கேதான் படித்தவர்களே விழுகிறார்கள். ஆய்வு ஒன்று இருப்பது உண்மையாகவும் இருக்கலாம். கேட்க வேண்டியது, அது எந்தப் படியில் நிற்கிறது என்பது. கண்ணாடித் தட்டில் உயிரணுக்களில் செய்தது கீழ்ப்படி. அதற்கு மேலே விலங்குகள், சில நோயாளிகளின் அனுபவம், பலரை அவதானித்தது, கடைசியில் சீட்டுக் குலுக்கல்போல் இரு பிரிவாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு மட்டும் மருந்து கொடுத்து ஒப்பிட்டது. கண்ணாடித் தட்டில் வைரஸைக் கொல்லும் பொருட்கள் ஏராளம். சவர்க்காரமும் கொல்லும். அதை யாரும் குடிப்பதில்லை.

மலேரியா மருந்தான ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் நல்ல பாடம். 2020 மார்ச் 28இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைக் கொரோனாவுக்குக் கொடுக்க அவசர அனுமதி கொடுத்தது. பிரித்தானியாவின் ‘ரிகவரி’ ஆய்வு ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தபோது மரணம் குறையவில்லை. ஜூன் 5இல் அந்தப் பிரிவு நிறுத்தப்பட்டது. ஜூன் 15இல் அமெரிக்க அனுமதியும் மீளப்பெறப்பட்டது. மார்ச் மாதக் காணொளியை ஜூலையில் அனுப்பியவர் பொய் சொல்லவில்லை, பழையதைச் சொன்னார். ஆகவே எந்த ஆய்வுக்கும் இரண்டு திகதி தேடுங்கள்: வெளியான நாள், அதன் பிறகு மீளப்பெறப்பட்டதா என்ற நாள். புழு மருந்தான ஐவர்மெக்டின் கொரோனா மரணத்தைப் பெருமளவில் குறைக்கிறது என்று பரவலாகக் காட்டப்பட்ட எகிப்திய முன்பிரதி, தரவுகளில் சந்தேகம் எழுந்ததால் 2021 ஜூலையில் இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. முன்பிரதி என்பது பிற நிபுணர்கள் இன்னும் சரிபார்க்காத கட்டுரை.

அதே ‘ரிகவரி’ ஆய்வில் வெற்றிபெற்ற மருந்தும் ஒரு வதந்தியாக மாறியது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொயிட், நாளுக்கு 6 மில்லிகிராம், பத்து நாள் வரை. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 41.4 வீதத்திலிருந்து 29.3 வீதமாகக் குறைந்தார்கள். ஒட்சிசன் மட்டும் பெற்றவர்களில் 26.2இலிருந்து 23.3. ஒட்சிசனே தேவைப்படாதவர்களில் மருந்து பெற்ற பிரிவில் 17.8 வீதம், பெறாத பிரிவில் 14.0 வீதம், பயன் இல்லை, கெடுதல்கூட இருந்திருக்கலாம். “கொரோனாவுக்கு மருந்து கண்டுபிடிப்பு” என்ற ஒற்றை வரியில் அந்த மூன்றாம் பிரிவு காணாமல் போயிற்று. வீட்டில் லேசான காய்ச்சலோடு இருப்பவர் பார்மசியில் ஸ்டெரொயிட் வாங்கிப் போட்டால் நோய் எதிர்ப்பு அடங்கும், நீரிழிவு ஏறும். ஆய்வைத் தமிழில் சொல்லும்போது “யாருக்கு” என்ற சொல் இல்லாமல் எந்த வாக்கியத்தையும் வெளியே விடாதீர்கள்.

6. எண்களைச் சொல்லும் முறை

வீதத்தை அப்படியே எறியாதீர்கள். ஃபைசர் தடுப்பூசி 95 வீதம் என்றபோது “நூறு பேரில் ஐந்து பேருக்கு வரும்” என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வில் இரு பக்கமும் ஏறத்தாழ 21,700 பேர். வெற்று ஊசி போட்டவர்களில் 162 பேருக்கு நோய் வந்தது, தடுப்பூசி போட்டவர்களில் 8 பேருக்கு. 162 வர வேண்டிய இடத்தில் 8. இப்படிச் சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

“வைத்தியசாலையில் பாதிப் பேர் தடுப்பூசி போட்டவர்களாம்” என்ற செய்தி எப்போதும் வரும். அது உண்மையாகவும் இருக்கும். கற்பனையாக ஒரு தொடர்மாடியில் 1,000 பேர் என்று வையுங்கள். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நோய் கடுமையானால் 10 பேர். போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு என்றால் 9 பேர். வைத்தியசாலையில் இருக்கும் 19 பேரில் 9 பேர் ஊசி போட்டவர்கள். ஆனாலும் ஊசி ஆபத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்திருக்கிறது. இதைத் தாளில் 1,000 பெட்டி வரைந்து காட்டினால் பேச்சைவிட வேகமாகப் புரியும்.

ஊசி போட்ட மறுநாள் இறந்தார் என்ற செய்திக்கு இன்னும் கவனம் வேண்டும். பெருந்தொற்றுக்கு முன்பே இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 140,000 பேர், அதாவது நாளுக்கு நானூறு பேர் அளவில் இறந்தார்கள். பல இலட்சம் பேருக்கு ஊசி போடும் மாதத்தில் அவர்களில் சிலர் மறுநாள் வேறு காரணத்தால் இறப்பார்கள். ஆனால் “தற்செயல்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லக் கூடாது. ஒரு வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. அஸ்ட்ராசெனக்கா ஊசியால் மிக அரிதாக இரத்தக் கட்டி உருவானதும் உண்மை. முறைப்பாடுகளைத் தேடிப் பார்த்ததால்தான் அது தெரியவந்தது. “விசாரிக்க வேண்டும், விசாரணை முடிந்தால் சொல்கிறோம்” என்று எழுதுங்கள், முடிந்ததும் மறக்காமல் சொல்லுங்கள்.

7. பதிலை எழுதுதல்

வரிசை இது: உண்மை முதலில், பொய் ஒரே ஒரு முறை, அது பொய் என்ற எச்சரிக்கையோடு, ஏன் நம்பத் தோன்றியது என்ற விளக்கம், மீண்டும் உண்மை, செய்ய வேண்டிய ஒரு வேலையோடு. வதந்திப் படத்தின் மேல் சிவப்புக் குறுக்குக்கோடு போட்டு அனுப்பாதீர்கள். ஒரு மாதம் கழித்து மனதில் நிற்பது படம், குறுக்குக்கோடு இல்லை. நீளம் கைத்தொலைபேசியின் ஒரு திரை, குரல் என்றால் ஒரு நிமிடம். குரல் பதிவாக வந்த வதந்திக்குக் குரலாலேயே பதில் சொல்லுங்கள். அதைக் கேட்ட பாட்டி எழுத்தை வாசிக்க மாட்டார்.

பப்பாசி இலை வதந்திக்கு ஒரு மாதிரி:

“டெங்குக் காய்ச்சலில் ஆபத்தான நேரம் காய்ச்சல் விடும்போதுதான் தொடங்குகிறது. அப்போது இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியக்கூடும். பப்பாசி இலைச் சாறு குடித்தால் வைத்தியசாலை தேவையில்லை என்று ஒரு பிழையான செய்தி சுற்றுகிறது. பிளேட்லெட் தானாகவே ஏறும் நாட்களில் சாறு குடித்தவர்கள், சாற்றால் ஏறியது என்று நினைக்கிறார்கள். கசிவைச் சாறு நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும்: 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்கு வைத்தியர் சொல்லும் அளவு. புரூஃபன், டைக்ளோஃபெனக், அஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, இரத்தக் கசிவு, சிறுநீர் குறைவு இருந்தால் உடனே வைத்தியசாலை. அம்புலன்ஸ் 1990.”

அதன் கீழே திகதியும் குழுவின் பெயரும். திகதி இல்லாத நல்ல செய்தி ஆறு மாதத்தில் வதந்தியாகிவிடும். அனுப்புமுன் வைத்தியப் பயிற்சியுள்ளவர் ஒருமுறையும், அந்தத் துறை தெரியாத ஒருவர் ஒருமுறையும் வாசிக்க வேண்டும். இரண்டாமவர் “அப்போ நான் என்ன செய்வது?” என்று கேட்டால் செய்தி இன்னும் முடியவில்லை.

அனுப்பியவரின் பெயரை எங்கும் போடாதீர்கள். மரியாதைக்காக மட்டுமில்லை, இணையத்தில் சொல்லும் பொய்யைத் தண்டிக்கும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள நாட்டில் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொய்யர் என்பது இரு பக்கமும் வெட்டும்.

8. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது

புதிய நோயில் முதல் மாத அறிவுரை நாலாம் மாதம் மாறும். பொதுமக்கள் முகக்கவசம் அணிவதை முதலில் பரிந்துரைக்காத உலக சுகாதார நிறுவனம், நெருக்கமான இடங்களில் துணி முகக்கவசம் அணியும்படி 2020 ஜூன் 5இல் அறிவுரையை மாற்றியது. அறிகுறி இல்லாதவர்களிடமிருந்தும் நோய் பரவுகிறது என்று தெரிந்ததும் ஒரு காரணம். முதல் அறிவுரையை “உறுதி” என்று சொன்னவர்கள் ஜூனில் வாயடைத்து நின்றார்கள். “இன்று தெரிந்தது இது, தெரியாதது இது, அதுவரை இப்படிச் செய்யுங்கள், மாறினால் நாங்களே சொல்வோம்” என்ற நான்கு வரியை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். மாறும்போது பழைய செய்தியை அழிக்காமல், அந்தச் செய்திக்கே மறுமொழியாக “திருத்தம்” என்று தொடங்கி, எது ஏன் மாறியது என்று எழுதுங்கள். சத்தமில்லாமல் அழித்தால் யாரோ ஒருவரிடம் திரைப்பிடிப்பு இருக்கும்.

9. பிழையான விஞ்ஞானம் அரசிடமிருந்து வரும்போது

கொழும்பில் இந்த வேலையைச் செய்கிற யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. 2020 மார்ச் 24இல் உலக சுகாதார நிறுவனம் கொவிட்டால் இறந்தோரை அடக்கவும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று வழிகாட்டியது. இலங்கையில் ஏப்ரல் வர்த்தமானி, இறந்தோரை அடக்கம் மட்டுமே செய்யும் முஸ்லிம்களுக்கும் தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம், சான்று வைக்கப்படவில்லை. பிறந்து 20 நாளேயான குழந்தையின் உடலும் தகனமானது. பொரளை மயான வேலியில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பிப்ரவரி இறுதியில்தான் விதி மாறியது. ஜனாஸாக்கள் (இறந்த முஸ்லிம்களின் உடல்கள்) நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோகப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

மருதானையிலோ கிராண்ட்பாஸிலோ தடுப்பூசி பற்றிப் பேசும்போது ஒரு ராத்தா (முஸ்லிம் அக்கா) “விஞ்ஞானம் என்றுதானே அப்போதும் சொன்னார்கள்” என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது. அவரை அறியாமையில் இருப்பவராக நடத்துவது பெரிய அநியாயம். “அது பிழை, அதற்குச் சான்று இருக்கவில்லை” என்று முதலில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு வேறுபாட்டைக் காட்டுங்கள்: அன்று ஒரு குழுவின் கருத்து, இந்தத் தடுப்பூசிக்கு, பல நாடுகளில் பல்லாயிரம் பேரிடம் செய்து வெளியிட்ட ஆய்வு, யாரும் எடுத்துப் பார்க்கலாம். அரசு சொன்னது என்பதை ஆதாரமாக வைக்காதீர்கள். அரசு எந்த ஆதாரத்தின்மேல் சொன்னது என்பதை வையுங்கள். ஆதாரம் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள், யாருக்குக் கசந்தாலும்.

ஒரு சமூகத்தை நோயின் காரணமாகக் காட்டும் செய்தி வந்தால் அதற்கு வரிசை, பொறுமை எதுவும் வேண்டாம். அதே மணி நேரத்தில் பதில் போக வேண்டும். பழி விழுந்த வீட்டுக்காரர் இருமலை மறைப்பார், பரிசோதனையைத் தவிர்ப்பார். நோய் எல்லார் வீட்டுக்கும் போகும்.

10. யார் சொல்வது

முதல் பதில் எப்போதும் தனியாக. பெரியவரைக் குழுவில் எல்லார் முன்னிலையிலும் திருத்தினால் அவர் தன் மானத்துக்காகவே பொய்யைக் காப்பாற்றுவார். “மாமி, நீங்கள் அனுப்பின வொயிஸ் கேட்டேன். எங்களில் அக்கறையிலதான் அனுப்பியிருக்கிறீங்க. அந்த டொக்டர் யார் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கல்ல. இந்த விளக்கத்தையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. சரியென்று பட்டால் நீங்களே குழுவில போடுங்கோ.” கடைசி வரிதான் முக்கியம். அனுப்பியவரே திருத்தினால் அது போன வழியிலேயே திரும்பிப் போகும்.

ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் அறிவிப்பு, வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் கோயில் ஒலிபெருக்கி, ஞாயிறு ஆராதனை, தொடர்மாடி மின்தூக்கிக்குள் ஒட்டும் தாள் ஆகிய நாலும் வாட்ஸ்அப் இல்லாதவர்களையும் எட்டும். மலையகத்திலிருந்து வந்து கடைகளிலும் வீடுகளிலும் தங்கி வேலை செய்பவர்களுக்கு எந்தக் குழுவிலும் இடம் இருப்பதில்லை. கடை உரிமையாளர் மூலம் தாள் போகட்டும், ஆனால் வேலையாளரின் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைப்பேறு, மாதவிடாய் பற்றிய வதந்திக்குப் பெண் வைத்தியரோ குடும்பநல உத்தியோகத்தரோ பேச வேண்டும், பெண்கள் மட்டும் உள்ள குழுவில்.

11. அனுப்பிய பிறகு

எத்தனை பேர் பெருவிரல் காட்டினார்கள் என்பதை எண்ணாதீர்கள். இரண்டு நாள் கழித்து, குழுவுக்கு வெளியே உள்ள ஐந்து பேரிடம், “காய்ச்சல் வந்தால் என்ன மாத்திரை கொடுப்பீர்கள்?” என்பதுபோல் செயலைப் பற்றிக் கேளுங்கள். பதில் பிழையாக இருந்தால் செய்தியில் எந்த வரி அவர்களைத் தடுமாற வைத்தது என்று தேடி, அந்த வரியை மட்டும் மாற்றித் திரும்ப அனுப்புங்கள். அதே வதந்தி வேறு உடையில் ஆறு மாதத்தில் திரும்பி வரும். கொப்பியில் பழைய பதிலுக்குப் பக்கத்தில் புதிய திகதியைப் போட்டு, எண்களையும் தொலைபேசி இலக்கங்களையும் மறுபடி சரிபார்த்து, அதன் பிறகு அனுப்புங்கள்.